கால்சிய வாயிலில் ஒரு காவலன்

எலும்பிலும் பல்லிலும் கால்சியம் இருப்பதைச் சிறுவரும் அறிவர். அதே கால்சியம் செல்லுக்குள் தூதுவனாகவும் பணியாற்றுகிறது. தசை சுருங்குவதும், ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி விடுப்பதும் அதன் கட்டளையால்தான்.

செல்லுக்கு வெளியே கால்சியம் அயனிகளின் செறிவு, உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். இடையே நிற்பதோ ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வு. நரம்புச் செல்லில் அச்சவ்வின் இரு பக்கங்களுக்கிடையே சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. இவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். தடிமனால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு 1 கோடி வோல்ட்! காற்றில் மின்பொறி பறக்க இதில் மூன்றில் ஒரு பங்கே போதும். உட்புறம் எதிர்மின் தன்மை உடையதாதலால், நேர்மின் அயனியான கால்சியம் வாயில் திறந்ததும் உள்ளே பாய்கிறது. அளவோடு பாய்ந்தால் செய்தி. அளவு மீறினால் செல்லுக்கே அழிவு.

இத்தகைய வாயில்களுள் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி என்பது. குளுட்டமேட், கிளைசின் ஆகிய இரண்டும் வந்து பொருந்த வேண்டும். வழியை அடைத்திருக்கும் மக்னீசியமும் விலக வேண்டும். அப்போதுதான் கால்சியத்துக்கு வழி கிடைக்கும்.

இச்சவ்வின் வெளிப்புறத்தில், கொழுப்பாலான நங்கூரத்தைப் பற்றி நிற்கிறது பிரியான் புரதம். ஆடுகளுக்கு ஸ்கிரேப்பி நோயை உண்டாக்கும் அதே பிரியானா என்று கேட்பீர்கள். அதேதான். 1982-இல் அப்பெயரைச் சூட்டிய ஸ்டான்லி புரூசினர் 1997-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நோய் தருவது மடிப்புப் பிசகிய வடிவமே. அது நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மாற்றிவிடுகிறது. சரியாக மடிந்த புரதம் நம் அனைவர் மூளையிலும் இருக்கிறது.

அதற்கு அங்கே என்ன வேலை? 1992-இல் சூரிச் ஆய்வாளர்கள் அப்புரதமே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். அவை நலமாகவே வளர்ந்தன! விடையின் ஒரு பகுதி 2008-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அத்தகைய எலிகளின் நரம்புச் செல்களில் என்.எம்.டி.ஏ. வாயில் மூடத் தாமதமாயிற்று. மிகையான தூண்டுதலில் செல்கள் எளிதில் மடிந்தன. செம்பு அயனியைத் தாங்கிய பிரியான் புரதம், வாயிலின்மேல் கிளைசினுக்குள்ள பிடியைத் தளர்த்தி, அதை விரைவில் மூடச் செய்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது.

அப்படியானால் காவலன் கெடுவதால்தான் பிரியான் நோய் வருகிறதா? அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. காவலனே இல்லாத எலிகளுக்கு நோய் வரவில்லையே! காவல் தளர்வது சேதத்தில் ஒரு பங்காகலாம், முழுக் காரணமன்று. 2003-இல் லண்டனில், நோய் தொற்றிய எலிகளின் நரம்புச் செல்களில் நல்ல புரதத்தின் உற்பத்தியை நிறுத்தியபோது, தொடக்கநிலைச் சேதம் சீரடைந்தது. நோய்க்குத் தீனி நல்ல புரதமே!

மருத்துவருக்கு இங்குதான் சிக்கல். தீனியைக் குறைத்தால் காவலும் குறையும். எதுவரை குறைக்கலாம்? இயல்பான அளவில் பாதிப் புரதமே உள்ள எலிகள் நலமாக வாழ்கின்றன; நோய் தொற்றினாலும் அவற்றில் அது வெகு தாமதமாகவே தலைகாட்டுகிறது.