விபத்தும் இழப்பீட்டு உரிமையும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில் பண்டார் பாரு மாவட்டம் உள்ளது. அதன் நிர்வாக நகரம் செர்டாங். செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் இவ்வட்டாரச் சாலைகளைப் பலவகை வாகனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி, கூலிம் தொழிற்பேட்டைக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் பேருந்து, பிள்ளையைப் பின்னால் அமர்த்திப் பள்ளிக்கு விரையும் மோட்டார் சைக்கிள் ஆகிய யாவும் காலை வேளையில் அடுத்தடுத்துச் செல்கின்றன. இவற்றுள் எளிதில் பாதிக்கப்படுவது மோட்டார் சைக்கிளே. 2022ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,080 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் இவ்வாறு இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

உயிர் தப்பியவர்களின் துன்பம் வேறு வகையானது. கால் முறிந்த ஒரு தொழிலாளி பல மாதங்கள் வேலைக்குச் செல்ல இயலாமல் போகலாம். வருமானம் நிற்கும், செலவோ கூடும். இந்நிலையில் அவருக்குத் துணை நிற்பது இழப்பீட்டு உரிமையாகும். ஆனால், இவ்வுரிமையைப் பலர் விபத்து நடந்த அன்றே தம்மை அறியாமல் இழந்துவிடுகின்றனர்.

“போலீஸ் எல்லாம் வேண்டாம், அண்ணே, இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்” என்னும் பேச்சு சாலையோரத்தில் அடிக்கடி கேட்கக்கூடியது. சில நூறு ரிங்கிட் கைமாறும்; இருவரும் பிரிந்து செல்வர். வீங்கிய கால் உண்மையில் முறிந்திருப்பதோ தலையில் பட்ட அடி கடுமையானது என்பதோ ஓரிரு நாள் கழித்தே தெரியவரலாம். அப்போது மோதியவர் யார், அவரது வாகன எண் என்ன என்பதற்குக்கூடச் சான்று இருக்காது. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

சிலர் இரக்கத்தால் தயங்குகின்றனர். மோதியவரும் ஏழைதானே, அவரிடம் எப்படிப் பணம் கேட்பது என்று எண்ணுகின்றனர். இத்தயக்கத்திற்குத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சாலையில் ஓடும் வாகனம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்க வேண்டும். வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் காயத்திற்கும் மரணத்திற்கும் இழப்பீடு வழங்குவதே அதன் நோக்கம். எனவே, பெரும்பாலும் இழப்பீட்டைச் செலுத்துவது காப்புறுதி நிறுவனமே. ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து அப்பணம் வருவதில்லை.

எனினும், காயம் பட்டது என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. நியூசிலாந்தில் 1974ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி, தவறு யாருடையது என்று பாராமல் விபத்தில் காயமுற்றோருக்கு உதவி வழங்கப்படுகிறது. மலேசியாவின் முறை வேறு. இங்கு மற்றவரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்பதைக் காயமுற்றவரே மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே, சான்றுகளைத் திரட்டுவது இன்றியமையாதது.

விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். காயமுற்றவர் மருத்துவமனையில் இருந்தால் குடும்பத்தார் நிலைமையைக் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கலாம். வாகனங்களின் எண், சாலையின் நிலை, சக்கரத் தடம், சேதமடைந்த பாகங்கள் ஆகியவற்றைப் படம் பிடித்து வைப்பது நன்று. நேரில் கண்டவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். விசாரணை அதிகாரி வரையும் விபத்து இட வரைபடம் பின்னர் முக்கியச் சான்றாகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பல நாள் கழித்துச் சிகிச்சை பெற்றால், அக்காயம் விபத்தினால்தான் ஏற்பட்டதா என்னும் ஐயம் எழும்.

இழப்பீடு பல கூறுகளைக் கொண்டது. முதலாவது, வலிக்கும் உடற்குறைக்கும் வழங்கப்படும் தொகை. எந்தக் காயத்திற்கு ஏறத்தாழ எவ்வளவு என்பதற்கு வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட கையேடு ஒன்றை நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்கின்றன. இரண்டாவது, மருந்து, சிகிச்சை, போக்குவரத்து போன்ற செலவுகள். இவற்றுக்கு இரசீது வேண்டும். இரசீதுகளைக் கிழித்து எறிபவர் தம் பணத்தையே எறிகிறார். மூன்றாவது, வருமான இழப்பு. இதற்குச் சம்பளச் சீட்டும் மருத்துவ விடுப்புச் சான்றிதழும் தேவை.

இனி வேலையே செய்ய இயலாத அளவு உடற்குறை ஏற்பட்டால், எதிர்கால வருமான இழப்பையும் கோரலாம். இதைக் கணக்கிடும் முறையை 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் வகுத்துள்ளது. விபத்தின்போது 30 வயதும் அதற்குக் குறைவாகவும் இருந்தவருக்கு 16 ஆண்டுகள் கணக்கில் கொள்ளப்படும். 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு, 60இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 1,700 ரிங்கிட் ஈட்டும் 24 வயதுத் தொழிலாளியின் சொந்தச் செலவு 700 ரிங்கிட் எனக் கொள்வோம். மீதம் 1,000 ரிங்கிட். அதை 12 மாதங்களாலும் 16 ஆண்டுகளாலும் பெருக்கினால் 192,000 ரிங்கிட் வரும். அதே வருமானமும் செலவும் உள்ள 40 வயதுத் தொழிலாளிக்கு 10 ஆண்டுகள். தொகை 120,000 ரிங்கிட். சாலையோரத்தில் பெற்ற சில நூறு ரிங்கிட்டை இதனுடன் ஒப்பிட்டால், இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

காயமுற்றவரிடமும் தவறு இருந்தால் தொகை குறையும். 100,000 ரிங்கிட் இழப்பீட்டில் அவருடைய தவறு 30 விழுக்காடு என நீதிமன்றம் முடிவு செய்தால், அவருக்கு 70,000 ரிங்கிட்டே கிடைக்கும். விளக்கின்றி ஓட்டுவதும் தலைக்கவசம் அணியாமல் செல்வதும் உயிருக்கு மட்டுமன்றி உரிமைக்கும் கேடு விளைவிக்கும்.

வேலைக்குச் செல்லும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால் மற்றொரு வழியும் உண்டு. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பெர்கேசோவிடம் விண்ணப்பிக்கலாம். இங்குத் தவறு யாருடையது என்னும் கேள்வி எழாது. மழையில் தானே சறுக்கி விழுந்த தொழிலாளியும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்புப் பெற்றவருக்கு, அவரது சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாக வழங்கப்படுகிறது. வழியில் சொந்த வேலைக்காகப் பாதை மாறிச் சென்றிருந்தால் இவ்வுதவி மறுக்கப்படலாம். பெர்கேசோ உதவியைப் பெற்றவர், கவனக்குறைவாக மோதியவர்மீது வழக்குத் தொடர்வதற்குத் தடையில்லை.

மோதிய வாகனத்திற்குக் காப்புறுதி இல்லையெனில் என்ன செய்வது? சாலை வரி காலாவதியான வாகனத்திற்குப் பெரும்பாலும் காப்புறுதியும் இருப்பதில்லை. இத்தகைய வாகனங்களால் காயமுற்றோருக்கு உதவவே மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் அமைக்கப்பட்டது. காப்புறுதி இல்லை என்று கேட்டதும் மனம் தளர்ந்துவிடாமல் அப்பணியகத்தை நாடலாம்.

உரிமைக்குக் கால வரம்பும் உண்டு. தீபகற்ப மலேசியாவில், காயத்திற்கான வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், அவரைச் சார்ந்திருந்தோர் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அரசாங்க வாகனம் மோதியிருந்தாலும் வரம்பு 36 மாதங்களே. காயமுற்ற பிள்ளைகளுக்கு 18 வயது நிறைவடைந்த பிறகே காலம் கணக்கிடப்படும். அதுவரை காத்திராமல் பெற்றோரே பிள்ளையின் சார்பில் வழக்குத் தொடரலாம். செஷன்ஸ் நீதிமன்றம் தொகை வரம்பின்றி வாகன விபத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் பெற்றது.

துன்பத்தில் இருப்போரைத் தேடி இடைத்தரகர்களும் வருவதுண்டு. மருத்துவமனைக் கட்டிலருகே வந்து, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டுத் தாள்களில் கையொப்பம் வாங்குவார்கள். வழக்கறிஞர் அல்லாதவர் பிறருக்காகக் காய இழப்பீட்டுப் பேரம் பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. வழக்கில் வென்றால் மட்டும் கட்டணம் என்று ஒப்பந்தம் செய்வதற்கு வழக்கறிஞருக்கும் அனுமதி இல்லை. ஒருவர் உண்மையான வழக்கறிஞர்தானா என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம். படித்துப் புரிந்துகொள்ளாத எந்தத் தாளிலும் கையொப்பமிடலாகாது. மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஆவணத்தைப் பெரியவர்களுக்குப் படித்து விளக்குவது, பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய பேருதவியாகும்.

இழப்பீடு முறிந்த எலும்பை முன்போல் ஆக்காது. இறந்தவரை மீட்டுத் தராது. ஆயினும், உழைப்பவர் படுக்கையில் கிடக்கும் காலத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் தடைபடாமல் காக்கும். அதைக் கேட்பது பேராசையன்று. சட்டம் வழங்கிய உரிமையாகும். உரிய நேரத்தில் புகார் செய்து, உரிய ஆவணங்களைப் பத்திரப்படுத்துவோர் அவ்வுரிமையைத் தக்கவைத்துக்கொள்வர்.