சாயநீரும் கடலை ஓடும்



உழவர் வீட்டுக் குப்பைமேட்டில் கிடக்கும் நிலக்கடலை ஓடும், தச்சுப் பட்டறையில் குவியும் மரத்தூளும், தென்னை நார்க்கழிவும் சாயம் கலந்த நீரைத் தெளியச் செய்யும் ஆற்றல் உடையன. அஃது எவ்வாறு நிகழ்கிறது, அவ்வாற்றலின் எல்லை யாது என்பனவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கொங்கு நாட்டுப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவேன். கண்ணாடிக் குவளையில் நீரை ஊற்றி, மெதிலீன் நீலம் என்னும் சாயத்தில் இரண்டொரு துளி விடுவேன். நீர் நீலமாகும். கழுவி உலர்த்தி இடித்த கடலை ஓட்டுத்தூளில் ஒரு கைப்பிடி இட்டுக் கலக்கிச் சற்று நேரம் கழித்து வடிகட்டினால், நீரின் நீலம் பெரும்பாலும் நீங்கிவிடும். தூள் நீலமேறி நிற்கும். மாணவர் கைகொட்டி மகிழ்வர்.

இதன் காரணம் எளிது. தாவரக் கழிவுகளில் செல்லுலோசும் லிக்னினும் உள்ளன. நீரில் நனைந்த நிலையில் அவற்றின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. மெதிலீன் நீலத்தின் சாயத்துகளோ நேர்மின்னூட்டம் உடையது. மாறுபட்ட மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் அன்றோ? ஆகவே சாயம் தூளின்மேல் சென்று படிகிறது. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். பரப்பு மிகுந்தால் பயனும் மிகும். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால், அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும். அத்தகைய கரி ஒரு கிராமின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேற்படும்.

2009ஆம் ஆண்டில், நொய்யலாற்றங்கரையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் செந்நீர் நிறைந்த புட்டியொன்றைக் கொண்டுவந்தான். "ஐயா, இஃது எங்கள் வயலோரத்து ஓடைநீர், இதனையும் தெளியவைத்துக் காட்டுங்கள்" என்றான். கைப்பிடி கைப்பிடியாகத் தூளை இட்டும் செம்மை அகலவில்லை. நான் நாணமுற்றேன், வீடு சென்று நூல்களைப் புரட்டினேன்.

பருத்தித் துணிக்கு ஏற்றும் வினைபுரி சாயங்கள் எதிர்மின்னூட்டம் உடையன. பருத்தியும் செல்லுலோசே, கடலை ஓட்டின் உறவுதான். நீரில் அதுவும் எதிர்மின்னூட்டம் பெற்று அச்சாயத்தை விலக்குகிறது. அதனாலன்றோ சாயமிடுவோர் தொட்டியில் உப்பை மிகுதியாகக் கொட்டிச் சாயத்தை நூலுடன் நெருங்கச் செய்கின்றனர்! பருத்தி விலக்கும் சாயத்தைக் கடலை ஓடும் விலக்கிவிட்டது.

மறுவாரம் பதப்படுத்திய சிரட்டைக் கரியை இட்டேன். நீர் தெளிந்தது. "இனி வயலுக்குப் பாய்ச்சலாமா, ஐயா?" என்று மாணவன் ஆவலுடன் வினவினான். நான் விடை கூறாது, அந்நீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சினேன். நீர் வற்றியதும் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அவன் அதனை வெகுநேரம் நோக்கிக்கொண்டிருந்தான்.

நொய்யல் உழவரை வாட்டியதும் அவ்வுப்பே. பாசனத்திற்கென 1992இல் நிறுவப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாது, நுண்சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, உப்பைப் பிரித்து, நீரை மீண்டும் பயன்படுத்துதலே அங்கு வற்புறுத்தப்பட்ட முறை.

மற்றொன்றும் கருதத்தக்கது. பரப்புக் கவர்ச்சியால் சாயம் அழிவதில்லை. நீரை விட்டுத் தூளுக்கு இடம் மாறுகிறது. அத்தூளை ஆற்றோரம் கொட்டினால், மழைநீர் அதனை மீண்டும் ஆற்றிலேயே சேர்த்துவிடக்கூடும். முறையான உலையில் எரித்தோ, நீர் கசியாத குழியில் இட்டோ பாதுகாத்தல் வேண்டும்.

ஆகவே, நேயர்களே, கடலை ஓட்டையும் சிரட்டைக் கரியையும் எளியவை என்று இகழ வேண்டா. அவற்றால் எல்லாம் ஆகும் என்று மயங்கவும் வேண்டா. நிறம் நீக்குதல் ஒரு பணி. உப்பு நீக்குதல் மற்றொரு பணி. பிரித்தெடுத்த நஞ்சைக் காத்தல் மூன்றாவது பணி. இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே அம்மாணவனின் வினாவுக்கு "ஆம், பாய்ச்சலாம்" என்று விடை கூற இயலும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று.