தொலைந்துபோன 'பிளேட் ரன்னர்' விளையாட்டு... மீட்டது யார்?

'பிளேட் ரன்னர்' கணினி விளையாட்டு வெளிவந்தது 1997இல். மொத்தம் 4 சிடி! ரிட்லி ஸ்காட் 1982இல் இயக்கிய அறிவியல் புனைகதைப் படத்தின் உலகம்தான் இதிலும்.

அதை இன்றும் நீங்கள் விளையாட முடிகிறது. அதற்காக நன்றி சொல்ல வேண்டியது அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு அல்ல.

என்ன கதை?

நீங்கள்தான் ரே மெக்காய். லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் புதுசு. மனிதர்களைப் போலவே இருக்கும் 'ரெப்ளிகன்ட்' எனும் செயற்கை மனிதர்களைத் தேடிப் பிடிக்கணும். ஒரு கடையில் விலங்குகள் கொல்லப்பட்ட வழக்கோடு கதை தொடங்குகிறது. அந்த உலகில் உண்மையான விலங்குகள் மிக அரிது, அதனால் அது பெரிய குற்றம்.

படத்தின் நாயகன் ஹாரிசன் ஃபோர்ட் இதில் இல்லை. ஷான் யங், ஜேம்ஸ் ஹாங் போன்ற சிலர் மட்டும் தங்கள் பழைய பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளில் பெரும்பாலும் ஒரு புதிருக்கு ஒரே விடைதான். ஏற்கெனவே முடித்த நண்பரிடம் கேட்டால் போதும். இங்கே அது பலிக்காது!

புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், சில பாத்திரங்கள் மனிதரா ரெப்ளிகன்ட்டா என்பதைக் கணினியே மாற்றிவிடும். போன தடவை அப்பாவியாக இருந்தவர் இந்தத் தடவை அப்படி இல்லாமல் போகலாம். கேள்வி கேட்டு, கண்ணைக் கவனித்துச் சோதிக்கலாம். சுடுவதா, தப்பவிடுவதா? நீங்கள் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப கதையின் முடிவும் மாறும். அட, மெக்காயே மனிதர்தானா என்ற சந்தேகமும் வரும்.

பிறகு ஏன் காணாமல் போனது?

உருவாக்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 2003இல் மூடப்பட்டது. நிரலாளர்கள் எழுதிய மூல நிரலும் தொலைந்துபோனது. புதிய விண்டோஸ் கணினிகளில் விளையாட்டு தகராறு செய்தது. சிடி கையில் இருந்தும் பயனில்லை.

கைகொடுத்தவர்கள் 'ஸ்கம்-வி-எம்' தன்னார்வலர்கள். பழைய விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஓடவைக்கும் இலவச மென்பொருள் அது. சிடியில் இருந்த கோப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்து, நிரலைப் புதிதாக எழுதினார்கள். குழம்பை ருசித்தே சமையல் குறிப்பை எழுதுவது மாதிரி!

2019 அக்டோபரில் ஸ்கம்-வி-எம்மில் அது சேர்ந்தது. டிசம்பரில் ஜி.ஓ.ஜி இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. படத்தின் கதை நடப்பதோ 2019 நவம்பர். செம டைமிங்!

2022இல் நைட்டைவ் நிறுவனம் 'மேம்பட்ட' பதிப்பை வெளியிட்டது. காட்சிகள் மங்கிவிட்டதாக ரசிகர்கள் கொதித்ததும், ஜி.ஓ.ஜி பழையதை மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வாங்கினால் பழைய பதிப்பையே விளையாடுங்கள். வீட்டு அலமாரியில் அந்த 4 சிடி கிடந்தால் இன்னும் நல்லது. அதில் உள்ள கோப்புகளே ஸ்கம்-வி-எம்முக்குப் போதும்.