மடை மாற்றி விடுவது

ஞாயிற்றுக்கிழமை மாலை சித்தப்பா வந்தபோது சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மன்னார்குடி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு எடுத்து வந்திருந்தார். பையனுக்கு 19 வயது. டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஊரில் இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறான்.

"ஃப்ரெண்டு வீட்டுல பிறந்தநாள். கையில ஒரு பீர் டின் வச்சிருந்தானாம். யாருக்கோ மயக்கம் வந்து ஆம்புலன்ஸ் வந்திருக்கு, பின்னாடியே போலீஸ். இவன் கையில இந்தச் சீட்டைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. கோர்ட்டுக்கு வரணுமாம். பையனைத் திருப்பி அனுப்பிடுவாங்களாப்பா?"

இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே டீ போடச் சொல்லிவிட்டுத் தாளைப் படித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதனால் திண்ணையில் உட்கார்ந்து, அவருக்குப் புரியும்படி முதலிலிருந்து சொன்னேன்.

தாளில் 'மைனர் இன் பொஸஷன்' என்று எழுதியிருந்தது. 21 வயது நிரம்பாதவர் கையில் மது வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. குடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வைத்திருந்தாலே போதும். டெக்சஸில் முதல் முறை என்றால் இதற்குச் சிறை கிடையாது. அபராதம் உண்டு, அதுவும் 500 டாலரைத் தாண்டாது. ஓட்டுப் போடும் வயது 18, குடிக்கும் வயது மட்டும் 21 என்பது அவருக்கு விநோதமாகப்பட்டது. நம் டாஸ்மாக் கடையிலும் 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்றுதான் விதி இருக்கிறது, சித்தப்பா என்றேன். அங்கே அந்த எண்ணுக்குப் பின்னால் சாலையில் போன உயிர்களின் கதை இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் ஓட்டுரிமை வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. டெக்சஸ் 1973-ல் 18 ஆக்கியது. இளைஞர்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாவது பெரிய கவலையானது. குடிபோதை ஓட்டுநரால் மகளை இழந்த ஒரு தாய் 1980-ல் ஓர் இயக்கம் தொடங்கினார். 1984-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றது. டெக்சஸ் 1986-ல் 21-க்குப் போனது. 1988-க்குள் 50 மாநிலங்களும் வந்துவிட்டன.

அப்படிச் சட்டம் வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. கல்லூரி ஊர்களில் 19 வயதுப் பிள்ளைகள் குடிப்பது நிற்கவில்லை. பிடிபடுகிறவர்கள் எல்லோரையும் குற்றவாளி என்று எழுதிவைத்தால், ஒரு டின் பீருக்காக வேலை விண்ணப்பம், வாடகை வீடு, மேற்படிப்பு என்று எங்கே போனாலும் அந்தச் சொல் கூடவே வரும்.

"சித்தப்பா, வாய்க்கால்ல தண்ணி மிதமிஞ்சி வருது. பக்கத்துல நேத்து நட்ட நாத்து. என்ன பண்ணுவீங்க?"

"மடையை வெட்டி அந்தாண்ட திருப்பி விடுவேன். இதென்ன கேள்வி?"

நீதிமன்றமும் அதைத்தான் செய்கிறது. அவர்கள் அதற்கு 'டைவர்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மடைமாற்று என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். வழக்கு தீர்ப்பு வரைக்கும் ஓடாமல், நடுவில் வேறு வாய்க்காலில் திருப்பிவிடுவது. 1967-ல் ஜனாதிபதி ஜான்சன் நியமித்த குழு, இளவயதினரின் சிறு குற்றங்களை முடிந்தவரை நீதிமன்றத்துக்கு வெளியிலேயே தீர்க்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒருவனுக்கு 'கெட்டவன்' என்று பட்டம் கட்டிவிட்டால் ஊர் அவனை அப்படியே நடத்தும், நாளடைவில் அவனும் அதற்கேற்ப நடக்கத் தொடங்குவான் என்று ஹோவர்ட் பெக்கர் போன்ற சமூகவியலாளர்கள் அந்தப் பத்தாண்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டெக்சஸிலேயே ஒடெஸா என்ற ஊரில் 1983-ல் பள்ளிப் பிள்ளைகளே ஜூரியாக உட்காரும் நீதிமன்றம் தொடங்கினார்கள். அங்கே வந்த பையனுக்கு விதிக்கும் கடமைகளில் ஒன்று, அடுத்த பையனின் வழக்கில் அவனும் ஜூரியாக உட்கார்வது. எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் இன்றும் பெரிய மரியாதை உண்டு. நேற்று கூண்டில் நின்றவன் இன்று இன்னொருவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டாக வேண்டும்.

பேரனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அவன் போவது நகராட்சி நீதிமன்றத்துக்கோ அமைதி நீதிபதியின் நீதிமன்றத்துக்கோதான். அங்கே அவன் கேட்கக்கூடியது தீர்ப்பைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு. நீதிபதி சம்மதித்தால் அதிகபட்சம் 180 நாள் தவணை. அதற்குள் 6 மணி நேர மது விழிப்புணர்வு வகுப்பு. அதையும் 90 நாளுக்குள் முடித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 8 முதல் 12 மணி நேரம் சமூக சேவை. நீதிமன்றச் செலவு கட்ட வேண்டும், வேறு வம்பில் மாட்டக் கூடாது. எல்லாம் ஒழுங்காக முடிந்தால் வழக்கு தள்ளுபடி. குற்றவாளி என்ற தீர்ப்பு எழுதப்படாது. இந்த வழியில் போகாமல் தீர்ப்பு வந்துவிட்டால், வகுப்பும் சேவையும் அதேதான், அபராதம் உண்டு, கூடவே ஓட்டுநர் உரிமம் 30 நாள் முடக்கம். டெக்சஸில் பல ஊர்களில் கார் இல்லாமல் பால் பாக்கெட் வாங்கப் போவதே பாடு.

"வகுப்புல என்ன சொல்லித் தருவாங்க? திட்டுவாங்களா?"

அவர் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த ஏற்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. திட்டுவது வேலைக்காகாது என்பது அமெரிக்கர்கள் விலைகொடுத்துக் கற்ற பாடம். 1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில், தடம் புரண்ட பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் சொன்னார்கள். அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது, நாடே கைதட்டியது. பிறகு ஆய்வாளர்கள் இதுபோன்ற திட்டங்களை அக்கறையாக அளந்து பார்த்தபோது, மிரட்டப்பட்ட பிள்ளைகள், மிரட்டப்படாதவர்களைவிடக் கூடுதலாகவே குற்றம் செய்திருந்தார்கள்.

பலன் தந்தது வேறு வழி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட்டும் அவர் குழுவினரும் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு சிறு முறையை உருவாக்கினார்கள். இரண்டு முறை உட்கார்ந்து பேசுவது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பேசுகிறவர் உபதேசம் செய்வதில்லை, கேள்வி கேட்கிறார். உன்னோடு படிப்பவர்களில் எத்தனை பேர் உன் அளவுக்குக் குடிக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? பெரும்பாலும் எல்லோரும்தான் என்பான் பையன். அந்தக் கல்லூரியிலேயே எடுத்த கணக்கை அவன் முன்னால் வைப்பார்கள். அவன் நினைத்ததைவிட அது மிகவும் குறைவாக இருக்கும். 'எல்லோரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் எப்படி' என்ற எண்ணம் அந்த இடத்தில் தளர்கிறது. யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. அவன் கணக்கு தவறு என்று மட்டும் காட்டினார்கள்.

அளவும் சொல்லித் தருவார்கள். 355 மில்லி சாதாரண பீர், 150 மில்லி வைன், 44 மில்லி விஸ்கி, மூன்றிலும் உள்ள சாராயம் ஒன்றுதான், சுமார் 14 கிராம். உடம்பு அதைக் கழிக்கத் தோராயமாக ஒரு மணி நேரம் எடுக்கும். காபி குடித்தாலும் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் அந்த நேரம் குறையாது. (சித்தப்பா இங்கே தலையாட்டினார். மோர் குடித்தால் இறங்கிவிடும் என்று நம்பிய எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார்.)

குறையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. எச்சரித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளைகளையும், 'அதான் வகுப்பு இருக்கிறதே' என்று போலீஸ் உள்ளே இழுத்துப்போடும் பழக்கம் வந்துவிடுகிறது. வலை பெரிதாகிறது என்று ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார்கள். வகுப்புக்குக் கட்டணம் உண்டு. பணமில்லாத வீட்டுப் பிள்ளை தவணையைத் தவறவிட்டு, மறுபடி பழைய வாய்க்காலிலேயே வந்து விழுகிறது. தப்பு ஒன்றுதான், கையில் காசில்லாதவனுக்கு மட்டும் மடை திறப்பதில்லை. இது எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று.

டீ ஆறிக்கொண்டிருந்தது. சித்தப்பா கொஞ்சம் தெளிந்த முகத்தோடு, "அப்ப அந்தப் பணத்தை ஆன்லைன்ல கட்டிட்டு விட்டுடச் சொல்லவா? கோர்ட்டுப் பக்கமே போக வேண்டாமே" என்றார்.

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். முதலாவது, 21 வயதுக்குக் கீழே உள்ளவர் இந்த வகைக் குற்றத்தை நீதிபதி முன்னால், திறந்த நீதிமன்றத்தில் நின்றுதான் ஒப்புக்கொள்ள முடியும் என்று டெக்சஸ் சட்டம் சொல்கிறது. பிள்ளை என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதற்கான காவல் அது. இரண்டாவதுதான் பெரியது. நம் பையன் அந்த ஊர்க்காரன் இல்லை. மாணவர் விசாவில் இருப்பவன்.

டெக்சஸின் தள்ளிவைப்பு ஏற்பாட்டில் பொதுவாக முதலில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கவில்லை' என்று சொல்ல வேண்டியிருக்கும். பிறகுதான் தவணை. மாநிலச் சட்டத்தின் கண்ணில், முடிவில் வழக்கு தள்ளுபடியானால் அது தண்டனை இல்லை. ஆனால் குடியேற்றச் சட்டம் தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறது. 1996-ல் அதில் எழுதிய வரையறைப்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுக்காமலோ இருந்து, நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், பின்னால் தள்ளுபடி ஆனாலும் அதைத் தண்டனையாகவே எண்ணலாம். ஒப்புதல் கேட்காமலே திருப்பிவிடும் திட்டங்களும் சில இடங்களில் உண்டு. இரண்டுக்கும் வகுப்பு ஒன்றுதான், சேவை ஒன்றுதான். உள்ளூர்ப் பையனுக்கு இரண்டும் ஒன்றே. வெளிநாட்டு மாணவனுக்கு, மடை ஒப்புதலுக்கு முன்னால் வெட்டப்பட்டதா பின்னால் வெட்டப்பட்டதா என்பதுதான் எல்லாம்.

"அப்ப அனுப்பிடுவாங்கதானே?"

இல்லை. மது வைத்திருந்த இந்த ஒரு குற்றம், நாடுகடத்துவதற்கான காரணமாகச் சட்டத்தில் எழுதப்பட்டதல்ல. ஆனால் 2025 மார்ச், ஏப்ரலில் என்ன நடந்தது என்று பார்த்தோம். ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் அரசின் கணினியில் திடீரென்று ரத்தாயின. போக்குவரத்து அபராதமும் தள்ளுபடியான சிறு வழக்கும் மட்டுமே இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள், நம் நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பலர் நீதிமன்றம் போன பிறகு, ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திருப்பித் தருவதாக அரசு சொன்னது. அந்தச் சில வாரங்களில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததோ. விசா விண்ணப்பத்திலும், எப்போதாவது கைதோ தண்டனையோ ஆனதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. மன்னிக்கப்பட்டிருந்தாலும் சொல்லவேண்டும் என்று கேட்கிறது. 21 வயதானதும் ஒரே ஒரு தண்டனை உள்ளவர் பதிவை அழிக்கக் கோரி டெக்சஸில் மனு கொடுக்கலாம். ஆனால் அங்கே அழித்தது இந்தப் படிவத்திலும் அழிந்துவிட்டது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு பதில் எழுதக் கூடாது.

சிறைவாசம் இல்லாத வழக்கு என்பதால் அரசு இலவச வக்கீல் தராது. ஆகவே பையன் தனியாகவே நிற்பான், பயத்தில் எதற்கும் தலையாட்டுவான். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே சட்ட உதவி அலுவலகம் உண்டு. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அங்கே போகட்டும். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்க்கும் வரை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், கோர்ட் தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. சித்தப்பா தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அப்போதுதான் அவர் வந்ததும் சொன்ன ஒரு வார்த்தை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது.

"சித்தப்பா, ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னீங்களே. அதைக் கூப்பிட்டது யாரு?"

"அது... இவன்தான் போன் பண்ணினதாச் சொன்னான். அந்தப் பொண்ணுக்குப் பேச்சு மூச்சு இல்லையாம். மத்தவங்க பயந்து ஓடிட்டாங்களாம். இவன் மட்டும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தானாம். அதனாலதான் மாட்டிக்கிட்டான், மடப்பய."

தாளைக் கீழே வைத்தேன். 2011-லிருந்து டெக்சஸ் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அளவுக்கு மீறிக் குடித்து ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தோன்றி, மருத்துவ உதவி கேட்டு முதலில் அழைத்தவர் 21 வயதுக்குக் கீழே இருந்தால், உதவி வரும் வரை அங்கேயே இருந்து, வந்தவர்களோடு ஒத்துழைத்திருந்தால், மது வைத்திருந்த குற்றம் அவருக்குப் பொருந்தாது. போலீஸுக்குப் பயந்து நண்பனைச் சாகவிட்டு ஓடக் கூடாது என்பதற்காகவே எழுதிய பிரிவு.

முதலில் அழைத்தது அவன்தான் என்பதற்குப் போனில் நேரத்தோடு பதிவு இருக்கும். அவசர அழைப்பு மையத்திலும் இருக்கும். அதை அழித்துவிடாமல் வக்கீலிடம் காட்ட வேண்டும். இந்த விலக்கு பொருந்திவிட்டால் வகுப்பும் இல்லை, தவணையும் இல்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அவனைக் கண்டபடி திட்டிட்டேன்பா."

அங்கே இப்போது காலை ஆறரை மணிதான் இருக்கும், பையன் தூங்கிக்கொண்டிருப்பான் என்றேன். அவர் அதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.