விரல் கணுவில் படரும் கறுப்பு

பட்டு நெய்கிறவருக்குக் கை வழவழப்பாக இருக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், இழை அதில் மாட்டிக்கொண்டு சிலும்பிவிடும். வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டும் தறியில் உட்கார முடியாது. கறை பட்டால் சேலை விலைபோகாது. போளூரிலிருந்து தேவிகாபுரம், ஒண்ணுபுரம், ஆரணி வரை உள்ள நெசவு ஊர்களில் தோலைப் பற்றிய கவலை, அழகு பற்றிய கவலையாக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே பிழைப்பு பற்றிய கவலையாக இருந்தது.

இந்த வட்டாரத்து மனிதர்களின் தோலை மருத்துவ உலகம் உற்றுப் பார்த்த ஆண்டு ஒன்று உண்டு. 1963-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எஸ்.ஜே. பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளிகளின் கை கால்களில், முக்கியமாக விரல் கணுக்களின் மேல்புறத்தில், வழக்கத்துக்கு மாறான கறுப்பு படர்ந்திருந்தது. சோதித்ததில் வைட்டமின் பி12 குறைவு. அந்தச் சத்தைக் கொடுத்ததும் கறுப்பு மெல்ல மெல்ல விலகியது. வேலூரும் போளூரும் அப்போது ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். இன்று உலகெங்கும் தோல் மருத்துவர்கள் படிக்கும் ஓர் அறிகுறி நம் பக்கத்து ஊரில் எழுதப்பட்டது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பி12 எந்தக் கீரையிலும் இல்லை, எந்தத் தானியத்திலும் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி, இவற்றில்தான் கிடைக்கும். சோறும் குழம்பும் மட்டுமே அன்றாடம் என்றிருந்த வீடுகளில் அது எங்கிருந்து வரும்?

அந்தக் காலத்துப் பிள்ளைகளின் முழங்கையையும் முட்டியையும் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். மயிர்க்கால் ஒவ்வொன்றும் முள்ளாகத் துருத்தி நிற்கும். 1933-இல் இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸ் இதைத் தேரைத்தோல் என்ற பொருளில் பெயரிட்டு, வைட்டமின் ஏ குறைவு என்றார். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த அய்க்ராய்டு தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையே கண்டார். பின்னால் வந்த இந்திய ஆய்வுகள் கதையை இன்னும் கொஞ்சம் சிக்கலாக்கின. ஏ மட்டும் போதவில்லை. எண்ணெய் வித்துகளில் உள்ள இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் பி வைட்டமின்களும் சேர்ந்து கிடைத்தபோதுதான் தோல் நன்றாகத் தேறியது.

இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. மருந்து ஊரைச் சுற்றியே விளைந்துகொண்டிருந்தது. மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அதில் அந்தக் கொழுப்பும் உண்டு, வைட்டமின் ஈ உண்டு, தோலைக் காக்கும் நயாசின் நிறைய உண்டு. கொல்லையில் முருங்கை. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் முன்னின்று தொகுத்த உணவுச் சத்து அட்டவணையில், நூறு கிராம் கேரட்டில் கரோட்டின் 1890 மைக்ரோகிராம், முருங்கைக்கீரையில் 6780. நெல்லிக்காயில் வைட்டமின் சி 600 மில்லிகிராம். அது இல்லாமல் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் உருவாகாது. ஆனால் மல்லாட்டை மண்டிக்குப் போனது, கடன் கட்ட. கீரையை எண்ணெய் விட்டு வதக்கினால்தான் கரோட்டின் உடம்பில் நன்றாக ஒட்டும். அந்த எண்ணெய்க்குத்தான் வீட்டில் கணக்குப் பார்த்தார்கள்.

தேரைத்தோல் இன்று அரிதாகிவிட்டதற்குப் பளபளப்பு மாத்திரை எதுவும் காரணமில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, பின்னால் அதில் சேர்ந்த முட்டை, 1970-இல் தொடங்கிய குழந்தைகளுக்கான வைட்டமின் ஏ சொட்டு மருந்து, ரேஷன் கடை அரிசி, பருப்பு, எண்ணெய். தட்டில் வந்து விழுந்த சத்து தோலில் தெரிந்தது.

இன்று மருந்துக் கடையில் நின்றால் வேறொரு காட்சி. கல்லூரி போகும் பெண் கேட்கிறாள்: "அண்ணா, முடி கொட்டுது, மூஞ்சியும் டல்லா இருக்கு. பயோட்டின் குடுங்க." கடைக்காரர், "எத்தினி நாளைக்கும்மா?" என்கிறார். "ஒரு மாசத்துக்குக் குடுங்க." கூடவே முகத்தில் பிழிந்து தடவ அந்தப் பச்சை வைட்டமின் ஈ மாத்திரை. கைப்பேசியில் அவள் பார்த்த விளம்பரத்தில் கொலாஜன் பொடியும், நிறம் கூட்டும் என்று குளுட்டோதயோனும் இருக்கும்.

அந்தப் பெண்ணின் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். பயோட்டின் குறைவு அபூர்வம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு வருவதில்லை. அதிக அளவில் விழுங்கினால் இரத்தச் சோதனையே பொய் சொல்லும். தைராய்டு, மாரடைப்புச் சோதனைகள் தப்பாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. வைட்டமின் ஏ மிஞ்சினால் அதே தோல் வறண்டு உரியும். கர்ப்பிணிக்கு என்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. கொலாஜன் பொடியால் தோலின் ஈரப்பதம் கொஞ்சம் கூடுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவற்றில் பலவற்றுக்கு விற்கிறவர்களே பணம் கொடுத்திருக்கிறார்கள். சாயப் பட்டறையில் வெந்த கைக்கு எந்த மாத்திரையும் உதவாது. அதற்குக் கையுறையும், வேலை முடிந்ததும் தடவும் களிம்பும்தான்.

உண்மையாகவே குறைகிற சத்து ஒன்று உண்டு, வைட்டமின் டி. தோல் அதை வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் வெயிலில் தானே செய்கிறது. விடியலில் தெருவில் பாவு நீட்டுகிறபோது படும் இளவெயில் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இளவெயிலில் அதற்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. போளூருக்கு வடக்கே, கிட்டத்தட்ட இதே வெயில் அடிக்கும் திருப்பதியில் நடந்த ஆய்வு, காலை 11 முதல் பகல் 2 வரை உள்ள வெயிலில்தான் அது நன்றாக உருவாகிறது என்று காட்டியது. அந்த நேரத்தில் நெசவாளி குழித்தறியில், கூரைக்குள். 60,000 யூனிட் பொடியை மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் அது நியாயமான மருந்து. பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுத் தினம் ஒன்று குடித்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

விரல் கணுவில் கறுப்பு இன்றும் வருகிறது. கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பதும் இப்போது சகஜம், பள்ளிப் பிள்ளைகளிடம்கூட. இந்தக் கழுத்துக் கறுப்பு பெரும்பாலும் சத்துக் குறைவால் வருவதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பின் அடையாளம், சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பு. அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள், வெளுக்கும் களிம்பு வாங்குகிறார்கள். கணுவில் மட்டும் கறுத்து, கூடவே கால் மதமதப்பும் அசதியும் இருந்தால், பேக்கர் கண்ட பி12 குறைவாகவும் இருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். போளூர்த் தெருக்களில் அந்த மாத்திரை இருக்கும் வீடுகள் பல. அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது மருத்துவரிடம் கையை நீட்டிக் காட்டி, "பி12 ஒருதடவை பாத்துடலாமா, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ அதற்குண்டு, விலையும் கொலாஜன் டப்பாவைவிடக் குறைவு.