மூன்று கலரில் முடிந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதமே ஒரு பஞ்சாயத்து வந்துவிடும். "படிக்கிறதுக்குன்னு வாங்கினோம், இவன் கேம்ஸ் ஆடிக்கிட்டே இருக்கான்" என்பார் அப்பா. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றுவதைவிட இந்தப் பஞ்சாயத்தைத் தீர்ப்பதுதான் பெரிய வேலை. கேம்ஸ் என்றால் துப்பாக்கியால் சுடுவது, கார் ஓட்டுவது என்றுதான் பெரியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். நாவல் போல நீளமாகக் கதை சொல்லும் கேம்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கதை சரியாக முடியவில்லை என்று உலகம் முழுவதும் ஆடியவர்கள் ஒரு கம்பெனியோடு மல்லுக்கு நின்றது 2012-இல் நடந்தது. அந்தக் கேமின் பெயர் மாஸ் எபெக்ட்.

இதைத் தயாரித்தது கனடா நாட்டின் எட்மண்டன் நகரில் இருக்கும் பயோவேர் நிறுவனம். கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். முதல் பாகம் 2007-இல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கும், 2008-இல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. இரண்டாம் பாகம் 2010 ஜனவரியில், மூன்றாம் பாகம் 2012 மார்ச்சில். ஷெப்பர்ட் என்ற விண்வெளிப் படைத் தளபதியாக நீங்கள் ஆட வேண்டும். அண்டத்தில் உள்ள உயிர்களையெல்லாம் அழிக்க வரும் ரீப்பர் என்னும் ராட்சத இயந்திரங்களை எதிர்க்க, பல இனத்தாரை ஒன்று சேர்ப்பதுதான் கதை.

இதில் என்ன புதுமை என்கிறீர்களா? புதுமை சேவ் பைலில் இருக்கிறது. நாம் வேர்டில் கடிதம் அடித்து சேவ் செய்வது போல, கேமும் நாம் எதுவரை ஆடினோம் என்பதை ஒரு பைலாகச் சேமிக்கும். மாஸ் எபெக்ட்டில் அந்தப் பைல் நீங்கள் எடுத்த முடிவுகளையும் சேர்த்துப் பதிவு செய்யும். முதல் பாகத்தில் ரெக்ஸ் என்ற முரட்டுத் தோழனோடு சண்டை வருகிறது. அவனைப் பேசிச் சமாதானப்படுத்தலாம், அல்லது அவன் அங்கேயே செத்துப்போக நேரிடலாம். பிழைத்தானானால் மூன்றாம் பாகத்தில் அவனே தன் இனத்துக்குத் தலைவனாக வந்து நிற்பான். செத்திருந்தால் அந்த இடத்தில் வேறொருவன் இருப்பான். முதல் பாகத்தின் சேவ் பைலை இரண்டாவதற்கும், அதை மூன்றாவதற்கும் கொண்டுபோகலாம். கம்ப்யூட்டர் மொழியில் இதை இம்போர்ட் என்பார்கள்.

எங்கள் கரிசல் காட்டில் கதை சொல்கிறவர்கள், கேட்பவரை 'உம்' கொட்டச் சொல்வார்கள். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்த கி. ராஜநாராயணனின் இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 'உம்' சத்தம் நின்றால் கேட்பவர் தூங்கிவிட்டார் என்று பொருள். மாஸ் எபெக்ட் அந்த 'உம்'மை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ப அடுத்த கதையை மாற்றுவதாகச் சொன்ன கேம். அதனால்தான் அதன் முடிவு அப்படி ஒரு கோபத்தைக் கிளப்பியது.

என் கடைக்கு வரும் தம்பி ஒருவர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். 2009-இல் தவணையில் கம்ப்யூட்டர் வாங்கி, முதல் பாகத்தை ஆடத் தொடங்கினார். இடையில் போர்டு போய், வேறு கம்ப்யூட்டர் வாங்கியபோது, "மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்ல அண்ணாச்சி, அந்த ஒரு போல்டரை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்றார். மை டாக்குமென்ட்ஸில் பயோவேர் என்ற போல்டர். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மொத்தம் சில எம்பிதான் இருக்கும். அவருக்கு அது மூன்று வருட ராத்திரி.

2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையைத் தாண்டினால் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியதும் சேவ் செய்து ஷட் டவுன் செய்ய வேண்டும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இப்படித் துண்டு துண்டாக ஆடி அவர் கடைசிக் காட்சிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் கடைக்கு வந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணாச்சி, மூணு வருசமா நான் செஞ்சதெல்லாம் எங்க போச்சு?"

(இனி முடிவைச் சொல்லப் போகிறேன். ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த மூன்று பாராக்களைத் தாண்டிவிடலாம்.)

இறுதியில் ஷெப்பர்டின் முன்னால் ஒரு சிறுவனின் உருவம் தோன்றுகிறது. அதற்கு முன் கதையில் பெரிய பங்கில்லாத ஒரு சக்தி அது. மூன்று வழிகளைக் காட்டுகிறது: ரீப்பர்களை அழிக்கலாம், தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரலாம், அல்லது உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். எதைத் தேர்ந்தாலும் வரும் படம் ஏறக்குறைய ஒன்றே. வெடிப்பின் நிறம்தான் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். ரெக்ஸ் என்ன ஆனான், சேர்த்த படைகள் என்ன ஆயின, எதற்கும் பதில் இல்லை. சற்று முன் பூமியில் நம்மோடு சண்டை போட்ட தோழர்கள், எங்கோ ஒரு கிரகத்தில் விழுந்த கப்பலிலிருந்து இறங்கி வருகிறார்கள். எப்படி அங்கே போனார்கள்? அதற்கும் பதில் இல்லை. பெயர்கள் ஓடி முடிந்ததும், மேற்கொண்டு டவுன்லோட் வாங்கி ஆட்டத்தைத் தொடரலாம் என்று ஓர் அறிவிப்பு. வெந்த புண்ணில் வேல் என்பது இதுதான்.

இன்னொரு குறை எங்களைப் போன்ற ஊர்க்காரர்களை அதிகம் பாதித்தது. நீங்கள் சேர்த்த படைபலத்தில் பாதியைத்தான் கேம் முதலில் கணக்கில் எடுக்கும். அந்த விகிதத்தை உயர்த்த, இன்டர்நெட்டில் மற்றவர்களோடு சேர்ந்து ஆட வேண்டும். அந்தக் கால இணைப்பில் மெயில் திறக்கவே டீ குடித்துவிட்டு வரலாம். இதில் அமெரிக்காக்காரனோடு சேர்ந்து சுடுவது எங்கே? ஷெப்பர்ட் உயிரோடு இருக்கலாம் என்று காட்டும் சில நொடிக் காட்சி ஒன்று உண்டு. தனியாக ஆடுகிறவர்களுக்கு அது ஏறக்குறைய எட்டாக்கனி.

கேம் வெளிவருமுன் அதன் இயக்குனர் கேஸி ஹட்சன் ஒரு பேட்டியில், 'ஏ, பி, சி' என்று மூன்றில் ஒன்றைத் தேர்வது போன்ற முடிவாக இது இருக்காது என்ற பொருளில் பேசியிருந்தார். ரசிகர்கள் அந்தப் பேட்டியைத் தோண்டி எடுத்து நீட்டினார்கள்.

பிறகு நடந்தவை விசித்திரமானவை. 'ரீடேக் மாஸ் எபெக்ட்' என்ற பெயரில் திரண்ட ரசிகர்கள், குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் சைல்ட்ஸ் ப்ளே அமைப்புக்கு 80,000 டாலருக்கும் மேல் நன்கொடை திரட்டினார்கள். பணம் கொடுத்தால் புது முடிவு கிடைக்கும் என்று சிலர் தவறாக நினைத்ததால் வசூலை நிறுத்த வேண்டியதாயிற்று. வேறு சிலர் எட்மண்டன் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக்குகளை அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறக் க்ரீம், உள்ளே ஒரே சுவை! இவ்வளவு நாகரிகமான நையாண்டியை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்துக்கே ஒருவர் புகார் அனுப்பினார். அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து, விளம்பரத்தில் ஏமாற்று இல்லை என்று சொல்லிவிட்டது.

மார்ச் மாதமே பயோவேர் நிறுவனர்களில் ஒருவரான ரே முசிக்கா, ரசிகர்களின் கருத்தைக் கவனத்தில் எடுப்பதாக அறிவித்தார். 2012 ஜூன் 26-இல் 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற நீட்டிக்கப்பட்ட முடிவு இலவச டவுன்லோடாக வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, முடிவை அவர்கள் மாற்றவில்லை. அதே சிறுவன், அதே மூன்று வழிகள். மூன்றையும் மறுத்துவிடும் நான்காவது வழியைச் சேர்த்தார்கள். தோழர்கள் கப்பலுக்கு எப்படிப் போனார்கள் என்று காட்டினார்கள். பிறகு ஒவ்வோர் இனத்துக்கும் என்ன ஆயிற்று என்பதை, நாம் எடுத்த முடிவுகளுக்கு ஏற்ப, படங்களாகவும் பேச்சாகவும் சேர்த்தார்கள். நல்ல முடிவுக்குத் தேவையான படைபலத்தையும் குறைத்தார்கள்.

கதை முடிந்த விதம் பற்றி வாசகர்கள் சண்டை போடுவது நமக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அதற்குப் பதில் சொன்னார். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும் விளக்கினார். அதுவும் ஒரு எக்ஸ்டெண்டட் கட்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வந்தியத்தேவனை நாம் பின்தொடர்ந்தோம். அவன் போன பாதையை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே கல்கி நமக்குச் செய்தது மரியாதை. பயோவேருக்கு அது கடன். நாயகன் சாகக் கூடாது என்று கேட்பதற்கு ஆடுகிறவருக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் 'என்னிடம் கேட்டு எழுதி வைத்தாயே, அந்தக் கணக்கைக் காட்டு' என்று கேட்க முழு உரிமை உண்டு. கணக்கு எழுதும் தம்பிக்கு அந்தக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

அவருக்கு அந்த டவுன்லோடை எடுத்துக் கொடுத்தது ஒரு தனிக் கதை. அளவு ஏறக்குறைய 1.9 ஜிபி. இணைப்பு 256 கேபிபிஎஸ். புதியவர்கள் இங்கே குழம்புவதுண்டு. இணைப்பின் வேகம் பிட் கணக்கில் சொல்லப்படும், பைலின் அளவு பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 256-ஐ 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 32 கிலோபைட்தான் வரும். கணக்குப் போட்டால் பதினாறரை மணி நேரம், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். எங்களுக்கு மூன்று இரவுகள் ஆயின. ஆடிவிட்டு வந்து, "இப்ப பரவாயில்ல அண்ணாச்சி. ரெக்ஸ் ஊர்ல குழந்தைங்கள்லாம் பொறந்திருக்கு" என்றார். முழுத் திருப்தி என்று அவர் சொல்லவில்லை. 2013 மார்ச்சில் 'சிட்டடெல்' என்ற கூடுதல் பகுதி வந்தது. தோழர்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடி விருந்து கொண்டாடி விடைபெறும் பகுதி அது. அதைத்தான் உண்மையான முடிவாக எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்.

இப்போது ஆட விரும்புகிறவர்களுக்கு வேலை சுலபம். மூன்று பாகங்களையும் சேர்த்து, படத்தரத்தை உயர்த்தி, 2021 மே மாதம் 'மாஸ் எபெக்ட் லெஜண்டரி எடிஷன்' வெளியானது. நீட்டிக்கப்பட்ட முடிவும் சிட்டடெல் பகுதியும் உள்ளேயே இருக்கின்றன. பலர் சேர்ந்து ஆடும் பகுதியை எடுத்துவிட்டதால், நல்ல முடிவுக்கு இன்டர்நெட்டில் ஆள் தேட வேண்டியதில்லை. குறைந்தது 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்கில் 120 ஜிபி காலி இடம் வேண்டும். தள்ளுபடி நாட்களில் விலை வெகுவாகக் குறையும், காத்திருந்து வாங்குங்கள். ரசிகர்களே எழுதிய மாற்று முடிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் தெரியாத தளங்களிலிருந்து இறக்கினால் வைரஸும் கூடவே வரும்.

விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன், டாக்குமென்ட்ஸ் போல்டரைத் திறந்து பயோவேர் என்பதை முழுதாகக் காப்பி செய்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது, "பார்மட் பண்ணுவதற்கு முன் என்னிடம் கேளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சிபியூ மேல் ஒட்டிவிடுங்கள். என் கடைக்கு வரும் பெட்டிகளில் நாலில் ஒன்றிலாவது அந்தச் சீட்டு இருக்கும்.