புல்லட்டில் எண்ணெய் ஒழுகுகிறதா?

ஆத்தங்குடிப் பூக்கற்கள் பதித்த முகப்பில் பழைய புல்லட் ஒன்று நின்றால், அதன் அடியில் ஒரு தகரத் தட்டும் இருக்கக் காண்பீர்கள். அமராவதிபுதூர்ப் பக்கத்தில் இது புதுமையன்று. தட்டு வைக்க மறந்தால், கல்லில் ஊறிய கறை எளிதில் போகாது. ஜும்ஆவுக்கு உடுத்திய வெள்ளை வேட்டியில் கரும்புள்ளிகளுடன் வீடு திரும்புவோரும் உண்டு. "புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எண்ணெய் வற்றி நடுவழியில் பிஸ்டன் இறுகினாலும், பின்சக்கரத்தில் எண்ணெய் வழிந்து வளைவில் வண்டி சறுக்கினாலும், பின்னால் அமர்ந்திருக்கும் மனைவி மக்களுக்கும் அது ஆபத்தே என்பதை எண்ணிப் பாருங்கள்.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்ததால் நம் திருவொற்றியூரில் வளர்ந்த வண்டி இது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட, 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின். 2010-ஆம் ஆண்டையொட்டி அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் ஓடுபவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒழுகுவதற்குக் காரணம் காற்று. பிஸ்டன் கீழிறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸினுள் உள்ள காற்று நெருக்கப்படுகிறது. அது வெளியேறும் குழாயின் முனையில் வாத்தின் அலகு போன்றதொரு ரப்பர் வால்வு இருக்கும். அது காய்ந்து இறுகிவிட்டால், காற்று இண்டு இடுக்குகளையெல்லாம் தேடி எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே, எஞ்சினைப் பிரிக்குமுன் அச்சிறு ரப்பரை மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

மற்றொன்று. வண்டி பல நாள் நின்றிருந்தால், தொட்டியின் எண்ணெய் பம்ப்பின் வழியே கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுக்குச்சியைப் பார்த்து எண்ணெய் குறைவு என்று கருதி மேலும் ஊற்றுவோர், தாமே ஒழுகலை வரவழைக்கின்றனர். சில நிமிடம் ஓடவிட்டு அதன்பின் அளந்து பாருங்கள்.

இவற்றால் தீரவில்லையெனில், எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவி, தேவகோட்டைச் சாலையில் சிறிது தூரம் ஓட்டி வாருங்கள். பவுடர் முதலில் நனைந்த இடமே கசிவின் பிறப்பிடம், சொட்டும் இடமன்று. கழுவும் வேலை அடுப்பங்கரைக்கு அருகில் வேண்டா.

சிலிண்டரைக் கழற்ற நேர்ந்தால், எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். புஷ் ராடுகள் இரண்டிலும் அடையாளச் சீட்டு கட்டி வையுங்கள். பிஸ்டன் பின்னைக் காக்கும் வளையத்தை எடுக்குமுன் கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடையுங்கள். அது உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டிவரும். பழைய கேஸ்கட்டைத் திருப்புளியால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும்; அக்கீறலே நாளைய கசிவு. தடித்த கண்ணாடியின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து மூடியைத் தேய்த்தால் வளைவு தெரிந்துவிடும். பசையை அள்ளிப் பூசுவது பலருக்கும் வழக்கம். உள்ளே பிதுங்கும் பசை எண்ணெய்ப் பாதையையே அடைக்கும்.

பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால், வெடிப்பறையின் புகை கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும். அப்போது எந்தக் கேஸ்கட்டும் நிற்காது. சிலிண்டரைக் காரைக்குடியில் நல்ல லேத் பட்டறைக்கு அனுப்பி, துளையிட்டு, அடுத்த அளவு பிஸ்டன் போடுவதே வழி. கிராங்க் கேஸைப் பிளப்பது வீட்டு வேலையன்று. அதற்குரிய கருவியும் கைப்பழக்கமும் உள்ளவரிடம் விடுங்கள்.

வடித்த கருப்பு எண்ணெயை ஊருணிக்குச் செல்லும் வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். கேனில் அடைத்துக் கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பியுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் முற்றும் ஆறிய நிலையில், ஹெட் நட்டுகளை மறுமுறை முறுக்கி, டேப்பெட் இடைவெளியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.